கனவுப் பாட்டின் ஒட்டியாணங்கள்

நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். அதன் தொடக்க விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை விழாவுக்கு அழைப்பது, பரணில் கிடக்கும் வெண்கலப் பானையை விசேஷத்துக்கு இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பதுபோலத்தான். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், மறுநாள் பரணுக்குப் போய்விடும். எனக்குப் பிறகு அந்த வேலையைப் பார்க்கும் கவிதா என் கையில் மைக்கைக் கொடுத்து, "அக்கா, மெஷின் இல்லாத காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லுங்க" என்றாள். எதையோ உளறிவிட்டு இறங்கிவிட்டேன். சொல்ல நினைத்தது ஐந்து நிமிடத்தில் அடங்குவதாக இல்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இயந்திரத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. உடம்பிலிருந்து எடுத்த சீழில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று நாங்கள் நாள்கணக்கில் காத்திருந்து சொன்னதை அது பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடுகிறது. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுகிற கட்சியில் நான் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டப் படிப்பு, அதன் மேல் லேப் டெக்னீஷியன் படிப்பு, கொஞ்ச நாள் பயிற்சி. சின்ன வயதிலிருந்தே நான் பராக்குப் பார்க்கிறவள். "உடம்பு இங்க, மனசு எங்கியோ" என்று வீட்டில் திட்டு வாங்காத நாள் கிடையாது. உலகத்தில் பராக்குப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டென்றால் அது கிருமி வளர்த்துப் பார்க்கிற வேலைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் கூடம் மயிலாப்பூர் குளத்துக்கு எதிரே ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். நல்ல மழை பெய்த வருடங்களில் மட்டும் குளத்தில் தண்ணீர் நிற்கும். அப்போது காலை வெயில் தண்ணீரில் பட்டு, ஜன்னல் வழியாக ஏறி எங்கள் கூரையில் வந்து ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். நான் சொல்லப்போகிற கதை நடந்த வருடம் அப்படிக் குளம் நிறைந்த வருடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

என் தலைவி டாக்டர் அலமேலு. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட நூல் புடவை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. கச்சேரி ரோடு வீட்டிலிருந்து நடந்தே வருவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, ஆறுதல் சொல்லியும் கேட்டதில்லை. கிருமி வளர்ந்த தட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசாமல் நிற்பார். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால்கூட எடுக்கக் கூடாது. பிறகு தட்டை என்னிடம் நீட்டி, "என்ன தெரியறது?" என்பார். நான் அவசரப்பட்டுக் கிருமியின் பெயரைச் சொன்னால், "பேரு அப்புறம் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லு" என்பார். கிருமி வளர இளஞ்சூட்டில் தட்டுகளை வைக்கும் அடைகாக்கும் பெட்டியை நேரமாவதற்கு முன் திறந்தால் அவருக்குப் பிடிக்காது. "தூங்கறதை எழுப்பாதே" என்று மட்டும் சொல்வார். அதற்கே எனக்குக் காது சிவந்துவிடும்.

கிருமி வளர்க்க இரண்டு வகைத் தட்டுகள் வேண்டும். ஒன்று ரத்தத் தட்டு. ஆட்டு ரத்தத்தைக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் பிடித்து, உறையாமல் இருக்கக் கையால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணிகள் சலசலவென்று ஓடும். கடற்பாசிக் கூழைக் காய்ச்சி ஆறவிட்டு, குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். கன்னம் பொறுக்கிற சூட்டில் ரத்தத்தைக் கலந்து ஊற்றினால் செம்பருத்தி நிறத்தில் தட்டு உறையும். இன்னொன்று மருந்துத் தட்டு. அது நீர்த்த டிகாஷன் நிறத்தில் இருக்கும். அதன் மேல் கிருமியைப் பஞ்சால் மெழுகுவதுபோல் தடவி, மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை இடுக்கியால் எடுத்து இடம்விட்டு வைப்போம். மருந்துக்குக் கிருமி சாகுமென்றால் வில்லையைச் சுற்றி ஒன்றுமே வளராத தெளிந்த வட்டம் விழும். சாகாது என்றால் வில்லையின் விளிம்புவரை கிருமி மண்டி நிற்கும். நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் "அகல வட்டம் பகல் மழை" என்பார்கள் அல்லவா? எங்கள் கூடத்திலும் அகல வட்டத்தைப் பார்த்தால் மனசு குளிரும். ஆள் பிழைத்துக்கொள்வார்.

அந்த மார்கழியில் ஒரு காலை, காதர் பாய் எங்கள் மாடிப் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, தோளில் அளவு டேப், சட்டையெல்லாம் நூல் துணுக்குகள். தி. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் கொடுத்தனுப்பிய சீழ்க் குப்பியை ரோஸ் நிறச் சாட்டின் துணியில் பொதிந்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது நம்ம பொண்ணுது. கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க. போன வாரம்கூட ஆடிக்கினு இருந்துச்சு. இப்ப எய்ந்து நிக்க முடில."

"உங்க மகளா?" என்று கேட்டேன்.

"மகள்னே எழுதிக்கோங்க. கோடம்பாக்கத்துல குரூப் டான்ஸ் ஆடுற பொண்ணு, செல்வின்னு பேரு. நான் அதுங்களுக்கு டிரெஸ் தைக்கிறவன். அதுக்கு ஊர்ல யாரும் இல்ல. அதான் நானே ஆட்டோல போட்டு இட்டாந்தேன்."

இடுப்பில் ஒரு கட்டி. முதலில் கொசுக்கடி மாதிரி இருந்ததாம். பழுத்துப் பெரிதானதும் நர்சிங் ஹோமில் கீறி எடுத்து, வழக்கமான மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டி ஆறாமல் தொடைவரை சிவந்து பரவி, இப்போது காய்ச்சலில் பிதற்றுகிறாளாம். இருபத்திரண்டு வயது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். எது அவளைத் தின்கிறது என்று நாங்கள் சொன்னால்தான் மருந்தை மாற்ற முடியும்.

மறுநாள் ரத்தத் தட்டில் தங்க நிறத்தில் உருண்டை உருண்டையாக வளர்ந்திருந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ், நாங்கள் சுருக்கிச் சொல்கிற ஸ்டாஃப் கிருமி. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம்மில் பலருடைய மூக்கில் சாதுவாக உட்கார்ந்திருக்கிற கிருமிதான் அது. தோலில் கீறல் கிடைத்து உள்ளே போனால் கட்டியாகும், சமயத்தில் ஆளையே கொண்டுபோகும். ஆனால் வழக்கமான மாத்திரைக்கு அடங்கிவிடும். அடங்காத ஜாதி ஒன்று இருந்தது. அது பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே, நாள்பட்ட புண்ணோடு படுத்திருப்பவர்களிடம் மட்டும் இருந்தது. வெளியே வராது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம்.

மருந்துத் தட்டைப் போட்டு வைத்தேன். அடுத்த நாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது, வழக்கமான மருந்தின் வில்லையைச் சுற்றி அகல வட்டம். எனக்கு மூச்சு வந்தது. பெஞ்சில் காதர் பாய் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசி பிடித்ததுபோலச் சேர்ந்தே இருந்தன. எழுப்பி நல்ல சேதி சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"இன்னும் முழு நாள் ஆகலை" என்றார் டாக்டர்.

அதற்குள் நர்சிங் ஹோமிலிருந்து தொலைபேசி. அறுவை மருத்துவர் இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். அதே மருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அது வேலை செய்யுமா என்று கேட்டார். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று டாக்டர் வைத்துவிட்டார். தட்டைப் போட்டபோதே பெட்டியின் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னவரும் அவரே. உடம்புச் சூட்டில் இந்தக் கிருமி நல்லபிள்ளையாக நடிக்கும், சற்றுக் குளிர்ந்தால்தான் சுயரூபம் காட்டும் என்பது அவருடைய அனுபவம்.

மதியம் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கீழே பெயர் வெட்டும் சத்தம் நின்றுவிட்டது, பாத்திரக்கடைக்காரர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். கூரையில் குளத்து வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. அவ்வளவு நேரம் அவர் ஒரு தட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு என்னிடம் நீட்டினார்.

"விஜயா, என்ன தெரியறது?"

மேசையில் வைத்துப் பார்த்தபோது தெளிவாக இருந்த வட்டம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்ததும் தெளிவாக இல்லை. வட்டத்துக்குள் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய படலம். இன்னும் உற்றுப் பார்த்தால் அந்தப் படலம் முழுக்கப் பொடிப் பொடியான புள்ளிகள். மருந்தின் நடுவிலேயே உயிரோடு உட்கார்ந்திருந்தன. பார்த்ததைச் சொன்னேன். அந்த அடங்காத ஜாதியின் பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அறுவை மருத்துவர் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளவில்லை. அது ஆஸ்பத்திரிக் கிருமி, இந்தப் பெண் பிறந்ததிலிருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் படுத்ததில்லை, தட்டில் வேறு ஏதோ கலந்திருக்கும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டாக்டர் எதிர்வாதம் செய்யவில்லை. தட்டைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லி, ஒரு டப்பாவில் வைத்து என் மடியில் கொடுத்தார். மூவரும் ஆட்டோவில் ஏறினோம். காதர் பாய் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

லஸ், எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை. மார்கழி வெயில் சுடாத வெயில். ஆழ்வார்பேட்டை மரங்களின் நிழல் என் மடியில் விழுந்து விழுந்து விலகியது. எனக்கு எல்லாமே தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. மடியில் இருக்கிற டப்பாவுக்குள் ஒரு நிலா, நிலாவைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் மூடுபனி, அந்த மூடுபனியில் முகம் தெரியாத ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்றெல்லாம் ஓடியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா, இம்மாம் பத்திரமா புடிச்சிக்கினு கீற? ஸ்வீட்டா?" என்றார்.

"ஸ்வீட் இல்லேப்பா. பள்ளத்துல விடாம போ" என்றார் டாக்டர்.

நர்சிங் ஹோம் வராந்தாவில் ஜன்னலோரம் நின்று அந்த இளம் மருத்துவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். டாக்டர் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் கழித்து அந்த இளைஞர் தட்டை இறக்கினார்.

"இவ ஆஸ்பத்திரிக்கே போனதில்லையே, மேடம்."

"அவ போகலை. அது வந்திருக்கு."

இளம் மருத்துவர் மருந்தை மாற்றினார். அந்தக் கிருமியைக் கொல்லும் என்று எங்கள் தட்டில் தெரிந்தது வான்கோமைசின் ஊசி. அப்போது அது எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. காதர் பாய் எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்து கொடுத்தார். காய்ச்சல் உடனே இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. நான் வேலையில் கைநழுவிக் குடுவை ஒன்றை உடைத்தேன். டாக்டர் என்னைத் திட்டாமல் துடைப்பத்தை எடுத்து அவரே கூட்டினார். அதிலிருந்தே அவருக்கும் பயம் என்று தெரிந்துகொண்டேன். அதற்கும் அடுத்த நாள் காதர் பாய் படியில் பாதி ஏறும்போதே, "பசிக்குதுன்னு சொல்லிச்சும்மா, இட்லி கேட்டுச்சு" என்றார். நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிழைத்துவிட்டாள். ஆனால் டாக்டருக்கு அத்தோடு முடியவில்லை. வந்தது எங்கிருந்து வந்தது, இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது? "நீ போய்ப் பேசு, உன்கிட்ட சொல்லுவா" என்று என்னை அனுப்பினார்.

செல்வி படுக்கையில் சாய்ந்து, பல் தேய்ந்த சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் கண் துறுதுறுவென்று இருந்தது. உன் கூட ஆடுகிறவர்களில் வேறு யாருக்காவது கட்டி உண்டா என்று கேட்டதும் சீப்பை நிறுத்திவிட்டாள்.

"இன்னாத்துக்குக்கா கேக்கற?"

"அவங்களுக்கும் உன்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்."

"ஆறேழு பேருக்குக் கீது. சொன்னன்னு சொல்லாதக்கா. கட்டின்னு தெரிஞ்சா அடுத்த பாட்டுக்குக் கூப்ட மாட்டாங்க. ஒட்டுற நோய்னு பேராயிட்டா அவ்ளோதான், குரூப்பே காலி."

எல்லோருக்கும் இடுப்பில், ஏறக்குறைய ஒரே இடத்தில். கல் பதித்த ஒட்டியாணம் அழுத்துகிற இடம். ஒரு கனவுப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியும்வரை அதே உடுப்பு, அதே ஒட்டியாணம். துவைத்தால் ஜிகினா உதிர்ந்து சாயம் போய்விடும், முதல் நாள் எடுத்த காட்சிக்கும் அடுத்த நாள் காட்சிக்கும் ஒட்டாது. அதனால் துவைப்பதே இல்லை. சாயங்காலம் ஒட்டியாணங்களைக் கழற்றி ஒரே பெட்டியில் குவிப்பார்கள், காலையில் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். வேர்வை நாற்றம் தெரியாமல் இருக்க உள்துணியில் அத்தர் தடவுவார்கள்.

"கட்டி பழுத்தா என்ன பண்ணுவீங்க?"

அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒட்டியாணத்துல குத்துற ஊக்கு இல்ல? அத்த கற்பூரத்துல காட்டிக் குத்திக்குவோம். சீழ் வெளிய வந்துட்டா லேசாயிடும், டேக்குக்குப் போயிடலாம். சிலசமயம் கற்பூரம் இருக்காது."

"அப்புறம் அந்த ஊக்கு?"

"அதான்க்கா, மறுபடி ஒட்டியாணத்துல குத்திக்கணும்ல."

ஒருத்தியின் சீழ் பட்ட ஊக்கு மறுநாள் எத்தனை இடுப்புகளுக்குப் போயிருக்கும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அந்தப் பெண்கள்மேல் கோபம் வரவில்லை. வேலை நின்றால் சோறு கிடையாது என்கிறபோது யாரும் இதைத்தான் செய்வார்கள்.

டாக்டரும் நானும் கோடம்பாக்கத்துக்குப் போனோம். நான் படப்பிடிப்பு பார்த்தது அன்று ஒருநாள்தான். பெரிய கொட்டகைக்குள் தெர்மோகோல் மேகங்கள். தரை முழுக்க வெள்ளைப் புகை விட்டிருந்தார்கள். ரோஸ் உடுப்பில் வரிசையாகப் பெண்கள் முழங்கால்வரை புகையில் நின்றார்கள், ஆடும்போது மிதப்பதுபோல இருந்தது. பாட்டை ஒலிக்கவிட்டார்கள். ஒட்டியாணக் கற்கள் ஒன்றாக மின்னின. டாக்டர் அலமேலுகூடக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றதும் அதே பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்து உட்கார்ந்தார்கள்.

வேலையை நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பெண்கள் ஒதுங்கினார்கள். மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்றதும் ஒருத்தியும் அருகில் வரவில்லை. காதர் பாய்தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு பயப்படறீங்க? மூக்குப்பொடி போடற மாதிரிதான். மொதல்ல எனக்கு எடும்மா" என்று முகத்தை அண்ணாந்து காட்டினார். அவருக்குத் தும்மல் வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வரிசையில் வந்தார்கள். கட்டி இருந்தவர்களுக்கு அந்த இளம் மருத்துவரே சத்தமில்லாமல் சிகிச்சை பார்த்தார். காதர் பாய் ஒட்டியாணங்களின் உள்துணியைப் பிரித்தெறிந்துவிட்டு, கழற்றி வெந்நீரில் கொதிக்கவைக்கிற மாதிரி பருத்தி உறைகள் தைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயரை நூலால் பின்னினார். ஊக்குகளையும் கொதிக்கவைத்தார்கள். பாட்டு நிற்கவில்லை, ஒரு பெண்ணுக்கும் வேலை போகவில்லை.

ஆனால் மூக்கிலிருந்து எடுத்ததை வளர்த்த தட்டுகள் பேசின. சில பெண்களின் தட்டுகளில் அங்கங்கே தங்கம் தெரிந்தது. ஒரு தட்டில் மட்டும் கொட்டிக் கவிழ்த்த மாதிரி வளர்ந்திருந்தது. அதை மருந்துத் தட்டில் தடவி வளர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அதே படலம், அதே புள்ளிகள். அது காதர் பாயின் தட்டு.

அவர் ஆடுகிறவர் அல்ல, ஒட்டியாணம் கட்டுகிறவரும் அல்ல. அவருக்கு எப்படி? செல்வியிடம்தான் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், பாய் ஏதாவது ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்று.

"அவரு இல்லக்கா, பீவிம்மாதான். அவரு சம்சாரம். சக்கரைல கால்ல புண்ணு, பெரிய ஆஸ்பத்திரில மாசக்கணக்கா வச்சிருந்தாங்க. இன்னும் ஆறல. பாய்தான் கட்டு மாத்துவாரு, வேற யாரையும் தொடவுட மாட்டாரு. கட்டு மாத்திட்டுக் கட்டிலாண்டயே குந்திக்கினு எங்க ஒட்டியாணமெல்லாம் தைப்பாரு. எந்தக் கல்லு எங்க வைக்கணும்னு பீவிம்மா படுத்துக்கினே சொல்லும்."

அப்போதுதான் முழுவதும் விளங்கியது. ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டாது என்று நாங்கள் நினைத்திருந்த கிருமி, ஒரு மனைவியின் காலில் ஏறி வீட்டுக்கு வந்து, கணவரின் விரல்களில் ஏறி ஒட்டியாணத்துக்கு வந்திருக்கிறது. செல்வியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த கைதான் அதை அவளிடம் கொண்டுபோனதும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கெஞ்சினேன். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மேடம். மூக்குக்குப் போடற களிம்பை எல்லாருக்கும் தரப்போறோம். அவருக்கும் அதோட சேர்த்துக் குடுத்துடலாம். மக மாதிரின்னு சொன்ன மனுஷன், உடைஞ்சு போயிடுவார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "கேக்கலேன்னா சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

களிம்பு வாங்கிப் போகக் காதர் பாய் வந்த அன்று, கேட்கக் கூடாதே என்று நான் கபாலியை வேண்டிக்கொண்டிருந்தேன். எல்லோருக்குமான குழாய்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன், எப்படித் தடவ வேண்டும் என்று சொன்னேன். வாங்கிக்கொண்டவர் போகவில்லை. தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, செல்வி சொல்லிச்சு, எங்க வூட்டப் பத்தி இந்தம்மா கேட்டாங்கன்னு. நான் படிக்காதவன்தான், ஆனா யோசிச்சுப் பாத்தேன். என்னாண்டேர்ந்துதானே போச்சு?"

டாக்டர் தட்டைப் பார்ப்பதுபோலவே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"ஆமாம், பாய்."

அவர் தலையை ஆட்டினார். இடிந்து உட்காருவார் என்று நினைத்தேன், உட்காரவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல்கள்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன். வூட்ல அவளுக்கு நான்தான் கட்டு மாத்தறேன். வேற யாரு தொட்டாலும் வலிக்குதுங்கறா. இனிமே அவள நான் தொடலாமா, கூடாதா?"

டாக்டர் அலமேலுவின் முகம் அப்படிக் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

"தொடுங்கோ. நீங்கதான் தொடணும். தொடறதுக்கு முன்னாடியும் கையை அலம்பிக்கோங்கோ, தொட்டப்புறமும் அலம்பிக்கோங்கோ. அவ்வளவுதான். வாங்கோ, எப்படின்னு காட்டறேன்."

எங்கள் கை கழுவும் தொட்டிக்கு அழைத்துப் போனார். காட்ட வேண்டியிருக்கவில்லை. காதர் பாய் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தொழுகைக்கு முன் கழுவுகிற வழக்கத்தில், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று முழங்கைவரை நிதானமாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கழுவிய கை மறுபடி குழாயில் படாமல் இருக்க டாக்டரே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் துவைத்த துண்டை எடுத்து வந்தேன். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் போதும் என்று சொல்லவில்லை, அவராக நிறுத்துகிறவரைக்கும் தண்ணீரை மூடவும் இல்லை.